அடியெடுத்துக் கொடுத்தவன்

மேடையின் இடப்பக்கம், திரை மறைவில்
ஒரு முக்காலி. அதுதான் என் இருப்பு.
மடியில் நாடகப் பிரதி,
அதன்மேல் நீலக் காகிதம் சுற்றிய பல்பு.
முப்பத்தொன்பது வருஷம்,
நடுவில் சினிமா தின்ற எட்டு போக,
எனிட் காஸ்கார்த்தைப் பக்கவாட்டில்தான் பார்த்தேன்.
அவள் இடது காதை எனக்குத் தெரிந்த அளவு
அவள் புருஷர்கள் இருவருக்கும் தெரியாது.

கிரிம்ஸ்பி மீன் கிடங்குக் கணக்கரின் மகள்.
பதினேழு வயதில் வந்து சேர்ந்தாள்.
கையுறையில் ஹெர்ரிங் வாடை
எத்தனை துவைத்தும் போகவில்லையாம்,
அவளே சொன்னாள்.
முதல் வசனம் மூன்றே சொல்:
"வண்டி வந்திருக்கிறது, அம்மணி."
லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹள், மறுபடி லீட்ஸ்,
தொண்ணூற்றாறு இரவு அதையே சொன்னாள்.
தொண்ணூற்றேழாம் இரவு
"வந்திருக்கிறது"க்கும் "அம்மணி"க்கும் நடுவே
ஒரு மூச்சு விட்டாள்.
அவ்வளவுதான்.
அந்த வேலைக்காரிக்கு ஒரு பல்வலி வந்தது,
மூன்று மாதச் சம்பள பாக்கி வந்தது,
போக விரும்பாத ஒரு வீடு வந்தது.
மூன்றாம் வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்
இருமலை மறந்தார்.
மேனேஜர் க்ரோஸ்துவைட் ஐந்து ஷில்லிங் கூட்டினார்,
கூடவே நாற்பது வரி வசனமும்.

நாற்பத்தொன்றில், ஹள்.
சைரன் ஊதி அடங்கியும்
ஒருவரும் எழுந்து போகவில்லை.
விதவை வேஷம், கையில் கடிதம்.
"அவர்" என்றாள்.
நின்றாள்.
நான் எண்ணினேன். ஏழு வரை எண்ணினேன்.
தூரத்தில் எதுவோ விழுந்து தூசி உதிர்ந்தது.
பயத்தில், முதல் வரிசைக்கே கேட்கும்படி
அடியெடுத்துக் கொடுத்தேன்: "எழுதவே இல்லை."
அந்த இடது காது சிவந்தது.

பிறகு, அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"நான் மறக்கவில்லை, பின்ச்பெக்.
அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்."

பிறகு சினிமா.
ஒன்பது படம், ஒன்பதையும் காசு கொடுத்துப் பார்த்தேன்.
சுவர் அளவு முகம். வலது காதும் இருந்தது!
அங்கே மூச்சுக்கு இத்தனை அடி ஃபிலிம் என்று கணக்கு;
அவள் நிறுத்திய இடத்திலெல்லாம்
எவனோ கத்தரி வைத்திருந்தான்.
முப்பத்தெட்டு வயதில் கதாநாயகனுக்குக் காதலி,
நாற்பத்திரண்டில் அதே ஆளுக்கு அம்மா.
அவன் அவளைவிட இரண்டு வயது மூத்தவன்.
திரும்பி வந்தபோது
ஒரு பெட்டியும் ஒரு சிகரெட் பழக்கமும்தான் கூட வந்தன.
"முக்காலி மாறவில்லையே" என்றாள்.

அறுபத்தொன்று, ஸ்கார்பரோ,
கோடை சீசன், விடாத மழை,
பாதி இருக்கையில் ஈரக் குடைகள்.
மூன்றாம் அங்கம்.
"அந்தச் சாவியை" என்றாள்.
நின்றாள்.
"கிணற்றுக்குள்" என் நாக்கு நுனியில் இருந்தது.
ஏழு. பதினொன்று.
ஹள் நினைவுக்கு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.
இருபது.
அந்த இடது காது, நான் மனப்பாடம் செய்த அந்தக் காது,
இரண்டு அங்குலம் என் பக்கம் திரும்பியது.
அப்போதும் வாய் திறக்கவில்லை.
மரியாதை என்று நினைத்தேன்.
சின்னப் பையன் டெஸ்மண்ட்
இல்லாத விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றி
ஆட்டத்தைக் கரை சேர்த்தான்.

உள்ளூர்ப் பத்திரிகை அந்த மௌனத்துக்கு
பதினாறு வரி ஒதுக்கியிருந்தது:
சொல் தொட முடியாத நடிப்பாம்.
அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்குப் போனாள்.
எந்த மேடைக்கும் பிறகு வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தபாலில்
அந்தப் பதினாறு வரி வந்தது.
கடிதம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல்:
"கிணற்றில்."

பிரதியில் இருப்பது "கிணற்றுக்குள்."
பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து
பிரதியைத் திருத்தினேன்.